காத்திருக்க முடியாதவர் விற்கும் நெல்

உரத்துக்கும் அவசரம், அறுவடைக்கும் அவசரம்! விவசாயிக்கு வரவேண்டிய விலை எங்கே போகிறது?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் அரிசி வாங்கும் குடும்பத் தலைவிகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்.

புது அரிசிக்கு ஒரு விலை. பழைய அரிசிக்கு ஒரு விலை.

பழைய அரிசி குழையாது. சோறு உதிரியாக வரும். பானையில் நிறையக் காணும். அதனால் அதற்குக் கிராக்கி அதிகம். கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டும் ஒரே ரகம்தான். ஒரே வயலில் விளைந்ததாகக்கூட இருக்கலாம். ஒன்று சில மாதங்கள் மூட்டையில் சும்மா கிடந்தது. அப்படிக் கிடந்ததற்குத்தான் கூடுதல் விலை!

அந்தக் கூடுதல் விலை யாருக்குப் போகிறது?

விளைவித்தவருக்குப் போவதில்லை. வைத்திருந்தவருக்குப் போகிறது.

அப்படியானால் விளைவித்தவர் ஏன் வைத்திருக்கவில்லை? அவரால் முடியாது. காரணம் ஒன்றல்ல, பல. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால், நெல் பயிரிடுகிறவரின் கஷ்டம் எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும்.

விலை சொல்லத் தெரியாதவரா?

காந்தி மார்க்கெட்டில் ஒவ்வொருவரும் தம் சரக்குக்குத் தாமே விலை சொல்கிறார்கள். கீரைக்கட்டு விற்கும் பாட்டி விலை சொல்கிறார். பூ விற்பவர் சொல்கிறார். அரிசிக் கடைக்காரர் சொல்கிறார். வாங்குகிறவர் பேரம் பேசுவார். ஆனால் முதலில் வாய் திறப்பது விற்பவர்தான்.

நெல் விற்கும் விவசாயிக்கு மட்டும் இது தலைகீழ்.

லால்குடியிலோ மண்ணச்சநல்லூரிலோ அந்தநல்லூரிலோ களத்தில் நெல் குவிந்து கிடக்கும். வியாபாரி வருவார். ஒரு கை அள்ளுவார். ஒரு நெல்லைப் பல்லில் கடிப்பார்.

"ஈரமா இருக்கே" என்பார்.

"நேத்துத்தான் அறுத்தோம். என்ன விலைக்கு எடுப்பீங்க?" என்று விவசாயி கேட்பார்.

விற்பவரே விலை கேட்கிறார்! வாங்குபவர் விலை சொல்கிறார்!

இதே விவசாயி இரண்டு மாதத்துக்கு முன் உரக்கடைக்குப் போனார். அங்கேயும் "என்ன விலை?" என்று இவர்தான் கேட்டார். கடைக்காரர் சொன்னார். வாங்கும் இடத்திலும் பிறர் சொன்ன விலை, விற்கும் இடத்திலும் பிறர் சொன்ன விலை.

அவருக்கு விலை சொல்லத் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. காத்திருக்க அவருக்கு நேரம் இல்லை. அந்த இடத்தில்தான் அவர் தோற்றுப்போகிறார்.

உரக்கடையில் நடப்பது

பயிருக்கு மூன்று சத்து முக்கியம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. தழைச்சத்துக்கு யூரியா. மணிச்சத்துக்கு டி.ஏ.பி. சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ்.

யூரியா 45 கிலோ மூட்டை ரூ.266.50. டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை ரூ.1,350. மூட்டையின் மேலேயே விலை அச்சடித்திருக்கும். இதற்கு ஆகும் மீதிச் செலவை மத்திய சர்க்கார் மானியமாகக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறது. 2022-23ஆம் ஆண்டில் மட்டும் இந்த மானியம் 2½ லட்சம் கோடி ரூபாய் அளவுக்குப் போயிற்று.

"இவ்வளவு மானியம் கொடுத்தும் என்ன குறை?" என்று கேட்கத் தோன்றும்.

குறை இருக்கிறது. உரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அது புரியும்.

பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. கனடா, ரஷ்யா, இஸ்ரேல், ஜோர்டான் போன்ற நாடுகள் அனுப்புகின்றன. டி.ஏ.பி.யில் பெரும் பங்கும், அதைச் செய்ய வேண்டிய கச்சாப் பொருளும் கப்பலில் வருகின்றன. யூரியா தமிழ்நாட்டிலேயே மணலியிலும் தூத்துக்குடியிலும் தயாராகிறது. ஆனால் நாடு முழுவதும் யூரியாவுக்கு வேண்டிய எரிவாயுவில் பெரும் பகுதி இறக்குமதிதான்.

ஆகவே எங்கோ சண்டை மூண்டால் இங்கே உரக்கடை ஆட்டம் காண்கிறது.

2021 ஏப்ரலில் டி.ஏ.பி. மூட்டை ரூ.1,200-லிருந்து ரூ.1,900 ஆகும் என்று அறிவிப்பு வந்தது. விவசாயிகள் திடுக்கிட்டார்கள். மே மாதம் மத்திய சர்க்கார் மூட்டைக்குக் கொடுத்த மானியத்தை ரூ.500-லிருந்து ரூ.1,200 ஆக உயர்த்தியது. விலை பழையபடி ரூ.1,200-க்கு வந்தது. பிறகு 2022-ல் ரூ.1,350 ஆயிற்று.

பொட்டாஷுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஏறத்தாழ 1,000 ரூபாயாக இருந்த மூட்டை 2022 தொடக்கத்தில் 1,700 ரூபாய் ஆகிவிட்டது. அடுத்த மாதமே ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் போர் மூண்டது. வரத்தும் தடுமாறியது.

2025-ல் சீனா உர ஏற்றுமதியை இறுக்கிப் பிடித்தது. அந்தப் பருவத்தில் பல மாநிலங்களில் யூரியாவுக்கு விவசாயிகள் வரிசையில் நின்றார்கள்.

பயிர் காத்திருக்குமா?

மூட்டையில் அச்சடித்த விலை ஒன்று. அந்த விலைக்கு, வேண்டிய நாளில் உரம் கிடைப்பது வேறு.

நடவு வயலில் அடியுரம் போட ஒரு நாள் உண்டு. தூர் கட்டும்போது மேலுரம் போட ஒரு நாள் உண்டு. பூங்கதிர் உருவாகும்போது ஒரு நாள் உண்டு. அந்த நாள் தவறினால் பத்து நாள் கழித்துப் போட்டு என்ன பயன்? குழந்தைக்குப் பசித்தபோது கொடுக்காத பாலை ராத்திரி சேர்த்துக் கொடுக்க முடியுமா?

இது விவசாயிக்குத் தெரியும். கடைக்காரருக்கும் தெரியும். சில கடைகளில் இதை வைத்தே வியாபாரம் நடக்கிறது.

"டி.ஏ.பி. வேணும்னா இந்தப் பாக்கெட்டையும் சேர்த்து எடுக்கணும்" என்பார்கள். ஏதோ ஒரு நுண்ணூட்டப் பாக்கெட், அல்லது ஒரு பாட்டில் மருந்து. விவசாயி கேட்டது அல்ல. அவர் வயலுக்குத் தேவையா என்பதும் தெரியாது. ஆனால் வாங்காவிட்டால் உரம் இல்லை. வேளாண்மைத் துறை இதைக் கூடாது என்று பலமுறை எச்சரித்திருக்கிறது. எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது என்றால் பழக்கம் நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்?

காத்திருக்க முடிந்தவர் "வேண்டாம் போ" என்று சொல்லி அடுத்த ஊர்க் கடைக்குப் போவார். நடவு முடிந்த வயலை வைத்துக்கொண்டு யார் அப்படிச் சொல்வார்?

மலிவாக இருப்பதால் வந்த கெடுதி

உர விலையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது.

1991-ல் மத்திய பட்ஜெட்டில் உர விலை உயர்த்தப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்கு இருந்த விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியாவுக்கு மட்டும் கட்டுப்பாடு நீடித்தது. 2010-ல் சத்துக்கு இவ்வளவு என்று மானியம் கணக்கிடும் முறை வந்தது. அப்போதும் யூரியா அதில் சேரவில்லை.

பலன் என்ன? யூரியா மலிவாக நின்றது. மற்ற இரண்டும் ஏறின.

கையில் இருக்கும் பணத்துக்கு எது கிடைக்குமோ அதைத்தான் யாரும் வாங்குவார்கள். பொட்டாஷ் வாங்க வேண்டிய இடத்தில் இன்னொரு மூட்டை யூரியா போட்டார்கள். பயிர் கருகருவென்று பச்சை கட்டியது. பார்க்க அழகுதான். ஆனால் அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்தால் பயிர் சாயும். புகையான் பூச்சி கூடும். குலைநோய் வரும். பிறகு மருந்துக் கடைக்கு ஓட வேண்டும். உரத்தில் மிச்சம் பிடித்த பணம் மருந்தில் போயிற்று!

இதற்கு விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. விலையைப் பார்த்து வாங்குவது மனித சுபாவம். மண்ணுக்கு எது தேவையோ அதை வாங்கும்படி விலையை அமைப்பதுதான் சர்க்காரின் வேலை.

ஒரு ஏக்கர் கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது பழமொழி. ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

டெல்டா நெல்லுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பொதுவாகச் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல்சத்து. ஏக்கருக்குப் பிரித்தால், சுமார் இரண்டரை மூட்டை யூரியா, ஒரு மூட்டை டி.ஏ.பி., முக்கால் மூட்டைக்குச் சற்றுக் குறைவான பொட்டாஷ். பொட்டாஷுக்கு ரூ.1,700 விலை போட்டாலும், எல்லாம் சேர்த்து ரூ.3,000-க்குக் கொஞ்சம் மேலே வரும். உழவு, நாற்று, நடவு, களை, அறுவடை வண்டி வாடகை எல்லாம் தனி.

இனி வரவைப் பாருங்கள். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை விளைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 24 குவிண்டால். குவிண்டாலுக்கு ரூ.2,500 வீதம் 60,000 ரூபாய்.

அதே நெல்லைக் குவிண்டாலுக்கு 300 ரூபாய் குறைத்து வியாபாரிக்குக் கொடுத்தால்? நஷ்டம் 7,200 ரூபாய்!

உரத்துக்கு ஆன மொத்தச் செலவைப் போல இரண்டு பங்குக்கு மேல், விற்கும் ஒரே நாளில் போய்விடுகிறது. உர விலை ஏறினால் எல்லோரும் பேசுகிறார்கள். விற்கும் நாளில் நழுவும் விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அடி அங்கேதான் பலமாக விழுகிறது.

அறிவித்த விலை இருக்கிறதே?

இருக்கிறது. அது சின்ன விஷயமும் அல்ல.

1965 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் ஜில்லா அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் விளைபொருள் விலை பற்றி யோசனை சொல்ல ஒரு கமிஷனும் அமைந்தது. அப்போது உணவு மந்திரியாக இருந்தவர் சி.சுப்பிரமணியம். விளைச்சல் கூடினால் விலை சரியும். விலை சரிந்தால் மறு வருஷம் விவசாயி பயிரிட மாட்டார். அதனால் இதற்குக் கீழே விலை போகாது என்று ஓர் உறுதி வேண்டும் என்பது எண்ணம். அதுதான் குறைந்தபட்ச ஆதரவு விலை.

1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. டெல்டாக் கிராமங்களில் நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களை இன்று அதுதான் நடத்துகிறது.

2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்கார் அறிவித்த விலை குவிண்டாலுக்கு ரூ.2,369. தமிழக சர்க்கார் தன் பங்குக்கு 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தது. ஆக ரூ.2,500. சன்ன ரகத்துக்கு ரூ.2,389-உடன் 156 சேர்த்து ரூ.2,545.

இந்த விலை போதுமா என்பது ஒரு வழக்கு. கும்பகோணத்தில் பிறந்த விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் 2004-ல் அமைந்த விவசாயிகள் கமிஷன், செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவிகிதம் சேர்த்து விலை கொடுக்க வேண்டும் என்றது. கொடுக்கிறோம் என்கிறது மத்திய சர்க்கார். குவிண்டாலுக்குச் செலவு ரூ.1,579, அதன் மேல் பாதி சேர்த்தால் ரூ.2,369 என்பது அதன் கணக்கு.

அந்தச் செலவில் கைச்செலவும் குடும்பத்தார் உழைப்பும் மட்டுமே அடங்கும். சொந்த நிலத்துக்குக் கணக்கிடும் வாடகை, சொந்த முதலுக்குக் கணக்கிடும் வட்டி இவை அடங்காது. அவற்றையும் சேர்க்க வேண்டும் என்று விவசாயிகள் சங்கங்கள் கேட்கின்றன. 

அந்த வழக்கு நடக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அறிவித்த விலையாவது எல்லோர் கைக்கும் வந்து சேருகிறதா?

நெல்லில் 17, வானத்தில் மழை

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மழை ஆண்டுகளில் இதை 19, 20 என்று தளர்த்தியதும் உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் மாநிலம் எழுத வேண்டும். டில்லியிலிருந்து குழு வர வேண்டும். மாதிரி எடுக்க வேண்டும். உத்தரவு வர வேண்டும்.

குறுவை அறுவடை செப்டம்பரிலும் அக்டோபரிலும் நடக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. இது இன்று நேற்று வந்த மழையா? ராஜராஜ சோழன் காலத்திலும் ஐப்பசியில் அடைமழைதான்!

2025 அக்டோபரில் டெல்டாவில் நடந்ததைப் பலரும் பத்திரிகையில் படித்திருப்பார்கள். விளைச்சல் அமோகம். கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் மலைபோல் குவிந்தது. மூட்டைகள் நகரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தமிழக சர்க்கார் 22 சதவிகிதம் ஈரம் வரை எடுக்க அனுமதி கேட்டது. மத்திய குழுக்கள் வந்து மாதிரி எடுத்தன. ஆனால் நெல் குழுவுக்காகக் காத்திருக்குமா? பல இடங்களில் குவியலிலேயே முளை விட்டுவிட்டது.

நன்றாக விளைந்த வருஷத்தில் வந்த கஷ்டம் இது! விளையாவிட்டாலும் துன்பம், விளைந்தாலும் துன்பம் என்றால் விவசாயி எங்கே போவார்?

அந்த நேரத்தில்தான் வியாபாரி வருகிறார். கையில் ரொக்கம். வாசலில் லாரி. "ஈரத்தோடு எடுத்துக்கிறேன். விலையை மட்டும் குறைச்சுக்க" என்கிறார். தார்ப்பாயின் கீழே நெல் சூடேறுகிறது. வீட்டில் மனைவியின் வளையல் நடவுச் செலவுக்காக அடகில் இருக்கிறது. அடுத்த தவணை வரப்போகிறது. என்ன செய்வார்? தலையாட்டுகிறார்.

அறிவித்த விலை ரூ.2,500 என்று தாளில் இருக்கிறது. அவர் கைக்கு வந்தது வேறு. குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். சிட்டா, அடங்கல் காட்ட வேண்டும். நிலம் அவர் பேரில் இல்லையே!

சோளம் விளைத்தவருக்கு அதுவும் இல்லை

நெல்லுக்காவது கொள்முதல் நிலையம் இருக்கிறது. துறையூர் பக்கத்திலும் அடுத்த பெரம்பலூர் ஜில்லாவிலும் மக்காச்சோளம் அதிகம். இதற்கும் ஆதரவு விலை உண்டு. 2025-26-ல் குவிண்டாலுக்கு ரூ.2,400. ஆனால் நெல்லுக்கு இருப்பதுபோல ஊருக்கு ஊர் நின்று வாங்க நிலையம் இல்லை. நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவனத்துக்கு எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும்.

வாங்க ஆள் இல்லாத இடத்தில் அறிவித்த விலை பஞ்சாங்கத்தில் போட்ட மழை மாதிரி. படிக்கலாம், பிழிந்தால் ஒரு சொட்டு வராது.

டில்லி வரை போன திருச்சிக்காரர்கள்

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. காவிரியிலும் தண்ணீர் இல்லை. 2017 மார்ச் 14 அன்று திருச்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். வறட்சி நிவாரணம், கடன் தள்ளுபடி, கட்டுப்படியான விலை, காவிரி மேலாண்மை வாரியம் என்று கேட்டார்கள். மண்டை ஓடுகளை வைத்துக்கொண்டு நாற்பது நாள் போராடினார்கள். எலியை வாயில் கவ்விக்கொண்டு நின்றார்கள். உலகமே படம் பிடித்தது.

அந்த முறையைச் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது அவரவர் எண்ணம். ஆனால் வேட்டி கட்டிய வயதான குடியானவர்கள் சொந்த ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய், வெயிலில் அப்படி உட்கார்ந்தார்கள் என்றால், ஊரிலே சொல்லிப் பார்த்து அலுத்துப்போனார்கள் என்றுதான் பொருள்.

"விலை ஏறினால் சாப்பிடுகிறவர் கதி?"

இதுவும் நியாயமான கேள்வி. காந்தி மார்க்கெட்டில் அரிசி வாங்கும் குடும்பத்துக்கும் மாதச் சம்பளம்தான். நெல் விலை ஏறினால் அரிசி விலை ஏறாதா?

ஆனால் அறுவடை நேரத்தில் விவசாயி குவிண்டாலுக்கு 300 ரூபாய் குறைத்து விற்றாரே, அந்த 300 ரூபாய் அரிசி வாங்கும் அம்மாவின் பைக்கு வந்ததா? ஐப்பசியில் குறைந்த நெல் விலைக்காகச் சித்திரையில் அரிசி மலிந்ததா? இல்லை. நடுவில் எங்கோ தங்கிவிட்டது.

நடுவில் இருப்பவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள அரிசிப் பைக்கு 5 சதவிகித வரி வந்தது. உடனே என்ன ஆயிற்று? 26 கிலோ சிப்பம் கடைக்கு வந்துவிட்டது! ஆலைக்காரர்கள் செய்தது சட்டப்படி சரிதான். வரியும் மிச்சம், வாங்குகிறவருக்கும் அனுகூலம். பையின் அளவை மாற்ற அவர்களால் முடிந்தது. நெல்லை மாற்ற, அறுவடை நாளை மாற்ற, மழையை மாற்ற விவசாயியால் முடியுமா?

வியாபாரிகளைத் திட்டுவதில் பயன் இல்லை. வாங்கி வைக்க முதல் போடுகிறவர் லாபம் பார்ப்பார். அது வியாபாரம். விவசாயிக்கும் வைத்திருக்க வழி செய்தால், வியாபாரியின் பேரம் தானாகவே நியாயமான இடத்துக்கு வரும்.

செய்ய வேண்டியது

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இருப்பதையே நேரத்தில் செய்தால் போதும்.

முதலாவது, உரம். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த நாள். எத்தனை ஏக்கர் நடவு ஆகும் என்பதும் ஏறத்தாழத் தெரியும். தண்ணீர் முக்கொம்பைத் தாண்டும் முன்பே கூட்டுறவுச் சங்கங்களில் மூன்று உரமும் இருப்பில் இருக்க வேண்டும். அருகில் சங்கக் கிடங்கு நிறைந்திருந்தால் "இந்தப் பாக்கெட்டையும் எடு" என்று எந்தக் கடையும் சொல்லாது. விவசாயியும் ரசீது கேட்டு வாங்க வேண்டும். ரசீது இல்லாமல் புகாருக்கு உயிர் இல்லை.

இரண்டாவது, மண் பரிசோதனை. ஒரு பிடி மண்ணைக் கொடுத்து, எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், வேண்டாத மூட்டைக்குப் பணம் போகாது. யூரியாவுக்கும் மற்ற உரங்களுக்கும் உள்ள விலை ஏற்றத்தாழ்வை மத்திய சர்க்கார் சீர்படுத்த வேண்டும்.

மூன்றாவது, கொள்முதல். முன்பெல்லாம் புதுப் பருவக் கொள்முதல் அக்டோபர் 1-ல்தான் தொடங்கும். குறுவை விவசாயிகளுக்காக 2022 முதல் செப்டம்பர் 1-க்கே தொடங்குகிறது. நல்ல மாற்றம். ஒரு மாதம் முன்னால் வந்ததும் எத்தனை பேருக்கு நிம்மதி! அதுபோலவே சாக்கும், லாரியும், கிடங்கும் அறுவடைக்கு முன்னால் தயாராக வேண்டும். ஐப்பசி மழை வருஷா வருஷம் வருகிறது. ஈரத் தளர்வுக்கு ஒவ்வொரு வருஷமும் புதிதாக மனு எழுதுவானேன்? மழை இவ்வளவு பெய்தால் வரம்பு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு விதி எழுதிவிடலாம். நெல் உலர்த்தும் இயந்திரங்களை நிலையங்களுக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது.

நான்காவது, வைத்திருக்கும் வசதி. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளை 180 நாள் வரை வைக்கலாம். அதன் மதிப்பில் 75 சதவிகிதம் வரை பொருளீட்டுக் கடனும் கிடைக்கும். கடனை வாங்கி அவசரச் செலவைப் பார்த்துக்கொண்டு, விலை வந்ததும் விற்கலாம். எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? உலர்ந்த சம்பா நெல்லையும் மக்காச்சோளத்தையும் இப்படி வைக்கத் தடை என்ன? கிடங்கு ஊருக்கு அருகில் வேண்டும். குத்தகைக்காரருக்கும் எளிதில் கடன் கிடைக்க வேண்டும். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால், விற்பனைக் கூடத்துக்கு ஒரு நடை போய் விசாரித்து வந்து அப்பாவிடம் சொல்லலாம்.

அவகாசம்தான் விலை

ஆதரவு விலையை இன்னும் உயர்த்த வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் காத்திருக்க முடியாதவருக்கு எவ்வளவு உயர்ந்த விலை அறிவித்தாலும் பாதி வழியில் கரைந்துவிடும். நடவு நாளில் உரம் இருந்தால் அவர் கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டாம். அறுவடை நாளில் நிலையம் திறந்திருந்தால் வியாபாரியிடம் தலையாட்ட வேண்டாம். ஆறு மாதம் மூட்டையை வைத்திருக்க இடமும் கடனும் இருந்தால், பழைய அரிசிக்குக் கிடைக்கும் அந்தக் கூடுதல் ரூபாயில் ஒரு பங்கு விளைவித்தவர் வீட்டுக்கும் போகும்.

இதற்காக அரிசியின் விலை ஏற வேண்டியதில்லை. சர்க்கார் புதிய மானியம் தேட வேண்டியதும் இல்லை. நாள் தெரிந்த வேலையை நாள் தவறாமல் செய்தால் போதும்.

விவசாயி தர்மம் கேட்கவில்லை. மற்ற வியாபாரிகளுக்கு இருக்கும் அவகாசத்தைத்தான் கேட்கிறார். அதைக் கொடுத்துவிட்டால், தம் நெல்லுக்கு அவரே விலை சொல்வார்.